கோடி கேட்டவரின் முகம்

அன்புள்ள ரூபிக்கு,

நாங்கள் இங்கே நலம், உன் நலம் அறிய ஆவல் என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். கேட்டால் நீயும் நலம் என்றுதான் எழுதுவாய். அப்பாவும் மகளும் இப்படி ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொள்வதற்கு ஒரு நல்ல தாளைக் கெடுப்பானேன்? போன சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்து தங்கிவிட்டுப் போனாயே, அப்போதே உன்னை நன்றாகப் பார்த்துவிட்டேன். உனக்கு நினைவு தெரிவதற்கு முன்பிருந்தே சாலைக் கடைத்தெருவில் துணி விற்கிறவன் நான். படியேறுகிறவர் வாய் திறக்கும் முன்னால், என்ன துணி கேட்கப் போகிறார் என்று அனேகமாகச் சொல்லிவிடுவேன். பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சொல்லத் தெரியாதா?

இந்தக் கடிதத்தையும் கூட இருக்கிற துணிப் பொட்டலத்தையும் கொண்டுவருகிறவர் உன் கோடி மாமாதான். விழிஞ்ஞத்து மீன்காரர் பத்ரோசை நீ பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாய். வருஷந்தோறும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கருவாட்டுக் கூடையோடு வந்து, நம் கடையில் புதுத்துணி எடுத்துக்கொண்டு போகிறவர். அவரிடம் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது, அதனால்தான் அந்தப் பெயர் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய். ஒரு தடவை எனக்குக் குதிரைவண்டி வேண்டும் என்று அவரிடம் கையை நீட்டினாய். அந்த மனிதர் மடியை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஒரு வாடின வெற்றிலையும் அரைப் பாக்கும் இருந்ததைப் பார்த்துவிட்டு நீ வீடு அதிர அழுதாய். அவருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. இப்போது சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதற்கு முன் சனிக்கிழமையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நீ வந்ததும் வராததுமாக நேரே கிணற்றடிக்குப் போனாய். வாந்திபேதி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ் கை கழுவாமல் வீட்டுக்குள் வரமாட்டாள், அது சரிதான். ஆனால் நீ கழுவிக்கொண்டே இருந்தாய். "தொலி உரிஞ்சிரப் போவுது மக்ளே, போதும்" என்று அம்மா சொன்னது உன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அப்புறம் சாப்பிட உட்கார்ந்தாய். மாங்காய் போட்ட மீன்குழம்பு உனக்காகவே வைத்தது. நீ சோற்றைப் பிசைந்தாய், பிசைந்தாய், பிசைந்துகொண்டே இருந்தாய்.

"அங்க எப்பிடி மக்ளே இருக்கு?" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"வாசல் கட்டில் காலியாச்சு. சன்னல் கட்டில் இன்னைக்கோ நாளைக்கோ" என்றாய். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொன்னாய்.

அம்மா கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். "கட்டிலா பிள்ளே சாவும்? அதுல கெடந்தது யாரு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? பேரு கேக்க நேரம் எங்க இருக்கு?"

"ஒனக்கு என்னவாக்கும் பிள்ளே ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல."

பிறகு நீயாகவே சொன்னாய், பெரிய சிஸ்டர் உன்னை ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்வரச் சொன்னதாகவும், வேண்டாம் என்று அந்த முறையை இன்னொரு பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகவும். "நான் வந்தா அங்க யாரு பாக்கது?" என்றாய். அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அது என் வாக்கியம். நீ பிறப்பதற்கு முன்னால் நான் சொன்ன வாக்கியம்.

மறுநாள் கோயிலில் எல்லாரும் பாட எழுந்தபோது நீயும் எழுந்தாய். உன் வாய் அசையவில்லை. மத்தியானம் புறப்படும்போது பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று அம்மாவிடம், "போறேன்" என்றாய். அவ்வளவுதான். பழவங்காடிவரை நான் கூடவே நடந்துவந்து பஸ் ஏற்றிவிட்டேன். என்னிடமும் அதே "போறேன்ப்பா"தான். திரும்பி வந்து பார்த்தால் அம்மா வாசலைவிட்டு அசையவில்லை. "சாவு வீட்டுல இருந்து எறங்குகவ மாதிரி போறேன்னுட்டுப் போறாளே! போயிட்டு வாரேன்னு சொல்லப்பிடாதா?" என்று விளக்கு வைக்கிறவரை புலம்பிக்கொண்டிருந்தாள். அவள் வருவதும் போவதும் சாவு வீட்டுக்குத்தானே, அந்தப் பழக்கத்தில் வாயில் வந்திருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் ஆறவில்லை.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, ஈ மொய்த்ததைத் தின்னாதே என்றெல்லாம் உனக்கு நான் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் நீதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய். நீ வந்துபோனதிலிருந்து அம்மா குடிக்கிற தண்ணீரை மட்டுமல்ல, கால் கழுவுகிற தண்ணீரையும் கொதிக்கவைக்கிறாள். எனக்குத் தெரிந்தது துணி ஒன்றுதான். ஆனால் ஒரு பெருங்காய்ச்சலை முழுவதும் அந்தத் துணிக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

முதல் உலகச் சண்டை முடிகிற சமயம் அது. எனக்கும் அம்மாவுக்கும் கல்யாணமான புதிது. பம்பாயில் வந்தது, மதராஸில் வந்தது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே இங்கேயும் வந்துவிட்டது. மலையாளத்தில் காய்ச்சலுக்குப் பனி என்று பெயர். அது உனக்கும் எனக்கும் தெரியும், பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கின அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்கார அம்மா வேலியோரம் வந்து, "குட்டிக்குப் பனியாணு" என்று கண்கலங்கிச் சொல்லியிருக்கிறாள். நம் ஆள் ஆறுதலாக, "அதுக்கு ஏன்க்கா அழுதிய? வெயில் வந்தா சரியாப் போயிரும்" என்றாளாம். நல்லவேளை, அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. அதனால்தான் இன்றைக்கும் அதைச் சொல்லி அம்மாவைச் சீண்ட முடிகிறது.

கடை அப்போது உன் பெரியப்பாவுடையது. நான் கூட நின்று பார்த்துக்கொண்டேன். அவருக்குக் காய்ச்சல் கண்டதும் ஊருக்கு அனுப்பிவிட்டோம். தேறி வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. அதுவரை கடை என் தலையில். அந்தக் கடையில் கோடி என்ற சொல் படுகிற பாட்டை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கோடி என்றால் புதுத்துணி. மலையாளிகளுக்கு அது ஆசையான சொல். ஓணத்துக்குக் கோடி, கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் போடுகிறது கோடி. நம் ஆட்களோ அந்தச் சொல்லை வாய்விட்டே சொல்லமாட்டார்கள். நமக்குக் கோடி என்றால் பிணத்தின்மேல் போர்த்துகிற துணி. இரண்டும் வெள்ளைதான், இரண்டும் ஒரே அலமாரிதான். இரண்டு பாஷைக்காரர்களும் படியேறுகிற கடையில் ஒருவர் வந்து கோடி என்று கேட்டால், எந்தக் கோடி என்று அவரிடமே திருப்பிக் கேட்க முடியுமா? அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரியப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த வியாபாரமே அதுதான்.

கல்யாணக் கோடியென்றால் வாங்க வாங்க என்போம், பாய் விரிப்போம், கத்தரியால் வெட்டி மடித்து இரண்டு கையாலும் கொடுப்போம். சாவுக்கென்றால் வாங்க என்று சொல்வதில்லை, விலை பேசுவதில்லை, கத்தரி வைப்பதில்லை. ஓரத்தில் பல்லால் ஒரு கடி கடித்து, கையால் கிழித்துக் கொடுப்பது நம் கடை வழக்கம். வாங்கினவர் போயிட்டு வாரேன் என்று சொல்லமாட்டார். நாமும் வாங்க என்று சொல்லமாட்டோம். பேசாமல் வந்து பேசாமல் போவார்கள். சாதாரண நாளில் எப்போதாவது ஒருவர் அப்படி வருவார். அந்த நாள் முழுவதும் நமக்கும் மனசு ஒரு மாதிரி இருக்கும்.

அந்தக் காய்ச்சல் நாட்களில் வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். காலையில் கடையைத் திறந்தால் படியில் ஆள் நிற்கும். முதலில் ஒவ்வொருவரிடமும் யாருக்கு என்று கேட்டேன். அம்மாவுக்கு என்பார்கள், தம்பிக்கு என்பார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் அழுதேன். பிறகு கேட்பதை நிறுத்தினேன். கேட்டால் தாங்கவில்லை. பிறகு முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன். நீட்டுகிற கையை மட்டும் பார்த்தேன். பிறகு அதுவும் போய், அளவுகோலும் துணியும்தான் கண்ணில் பட்டன. கோடி என்று காதில் விழும், கை தானாகக் கிழிக்கும். அழுகை நின்றுபோனது. ரூபி, நீ கவனித்துப் படிக்க வேண்டிய இடம் இதுதான். அழுகை நின்றதை நான் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். கடைத்தெருவே கலங்கிப்போய்க் கிடக்கும்போது நான் ஒருவன் அசையாமல் நிற்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

உடம்பு வேறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். படுத்தால் துணி கிழிகிற சத்தம் காதுக்குள் கேட்கும். குளித்தேனா, வேட்டி மாற்றினேனா என்று எனக்கே தெரியாது. "ஒரு நாள் கடைய அடைச்சாத்தான் என்ன?" என்று அம்மா கேட்பாள். "நான் அடைச்சா யாரு குடுப்பா?" என்பேன். அதைத்தான் சொன்னேன், நீ சனிக்கிழமை பேசினது என் வாக்கியம் என்று.

ஒருநாள் காலையில் ஒருவர் வந்து, "ஒரு கோடி வேணம் மொதலாளி" என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. அளந்தேன், கடித்தேன், கிழித்தேன், நீட்டினேன். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டார். பட்டணத்துக் கடையில் இப்படித்தான் கொடுப்பார்களாக்கும் என்று நினைத்தாராம், பிற்பாடு சொன்னார். வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தவர் திரும்பி, "என்னா ஞான் வரட்டே, மொதலாளி?" என்றார். விடைபெறும்போது அவர்கள் சொல்கிறதுதான், நம்முடைய போயிட்டு வாரேன் மாதிரி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கோடி வாங்கிட்டு வரட்டேன்னா சொல்லுவாவ? அப்பிடிச் சொல்லப்பிடாதுன்னு தெரியாதாவே ஒமக்கு?" என்று கத்தினேன்.

அவர் திகைத்துப்போய், "கல்யாணத்தினுள்ள கோடியல்லே மொதலாளி? பின்னெ ஞான் வரண்டே?" என்றார். கல்யாணக் கோடியல்லவா, வாங்கினவன் திரும்ப வரவேண்டாமா என்று கேட்கிறார்.

அப்போதுதான் தலையைத் தூக்கினேன். தலையில் வைத்த எண்ணெய் நெற்றியில் வழிய, புதிதாகச் சவரம் செய்த தாடையில் ஒரு சின்ன வெட்டுக்காயத்தோடு, வெற்றிலை போட்ட வாயில் சிரிப்பை அடக்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டு ஒரு முகம். கல்யாண மாப்பிள்ளையின் முகம். குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அவர் கையில் நான் கொடுத்த துணி, கிழிந்த ஓரத்தில் நூல்நூலாகத் தொங்குகிறது. அவர் கட்டப்போகிற பெண்ணின் தலையில் போடப்போகிற துணி. அதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். துணிக் கட்டின்மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கடைத்தெருவே எட்டிப்பார்க்கிற மாதிரி, வாய்விட்டு அழுதேன். அத்தனை நாள் யாருக்கெல்லாம் அழாமல் விட்டேனோ அத்தனை பேருக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒருவர் இருமினால் இன்னொருவர் தெருவின் எதிர்ப்பக்கம் போகிற காலம் அது. அவர் கிட்டே வந்து என் நெற்றியில் கையை வைத்தார். "பனியுண்டோ மொதலாளி?"

"இல்ல."

"பின்னெ எந்தா?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லெங்கில் ஆள் இங்ஙனெ கரயுமோ? வல்லதும் கழிச்சோ?" என்றார். ஒன்றுமில்லாமலா ஒருவன் இப்படி அழுவான், ஏதாவது சாப்பிட்டீரா என்று கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவு வரவில்லை. அவரே பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். அவரே பலகைகளை எடுத்துவைத்துக் கடையை அடைத்தார். கல்யாணத் துணி எடுக்க வந்த மனிதர், என் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, வெறுங்கையோடு விழிஞ்ஞத்துக்குத் திரும்பி நடந்தார். அவர்தான் பத்ரோஸ்.

அம்மா என்னைப் பார்த்ததும் வெந்நீர் வைத்து ஊற்றினாள். சூடாகக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். முற்றத்தில் வெயில் படுகிற இடத்தில் பாயைப் போட்டு என்னைக் கிடத்திவிட்டு, "வெயில் வந்தா சரியாப் போயிரும்" என்றாள். சொன்ன பிறகுதான் பழைய கதை நினைவுக்கு வந்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே தூங்கிப்போனேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் தின்பதும் தூங்குவதும் வெயிலில் கிடப்பதும்தான் வேலை. கடை அடைத்தே கிடந்தது. என்ன நடந்தது என்கிறாய்? ஒன்றும் நடக்கவில்லை. எதிர்க்கடைக்காரர் கொடுத்தார். கோடி இல்லாமல் யாரும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் முதலில் கொஞ்சம் வருத்தம்தான். நான் இல்லாவிட்டால் சாலைத் தெருவே கவிழ்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தெரு நன்றாகத்தான் நின்றது.

எழுந்து நடமாட முடிந்ததும் முதல் காரியமாகக் கடையைத் திறந்து, இருந்ததிலேயே நல்ல கோடியாக, மெல்லிசாகச் சரிகைக் கரை போட்டது ஒன்றை எடுத்தேன். கத்தரியால் வெட்டி, மடித்து, வண்டி பிடித்து விழிஞ்ஞத்துக்கே கொண்டுபோனேன். நான் எடுத்து வருவேன் என்று அந்த மனிதர் வேறெங்கும் வாங்காமல் காத்திருந்தார். இந்தச் சமயத்தில் என்ன கல்யாணம் என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்களாம். காய்ச்சலில் பெண்ணின் அப்பன் போய்விட்டார், அந்த வீட்டில் அடுப்பு எரியவேண்டாமா என்று இவர் கேட்டாராம். கல்யாணத்தில் கூட்டம் இல்லை, மேளம் இல்லை. கடற்கரை மணலில் காற்றோட்டமாக உட்காரவைத்துச் சோறும் மீனும் போட்டார்கள். வாங்கி வாங்கிச் சாப்பிட்டேன். புறப்படும்போது, "போயிட்டு வாரேன்" என்றேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

காய்ச்சல் அதோடு தீர்ந்துவிடவில்லை. திரும்பி வந்து கடையைத் திறந்தேன், மறுபடியும் கிழித்தேன். ஆனால் துணியில் கை வைக்கும் முன்னால் முகத்தைப் பார்த்தேன், யாருக்கு என்று கேட்டேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே கிழித்தேன். அது எவ்வளவோ தேவலை. மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்கு வந்தவர்களில் யாராவது ஒருவரைப் பற்றி அவளிடம் சொல்வேன். அவள் ஒன்றும் பெரிதாகப் பதில் சொல்லமாட்டாள். ஐயோ பாவம் என்பாள், இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றட்டுமா என்பாள். அதற்கே மனசு லேசாகிவிடும்.

இப்போது நான் இதுவரை அடக்கிவைத்திருந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை பத்ரோஸ் கடைக்கு வந்தார். துணிக்கு அல்ல. போன வாரம் அவர் தன் பக்கத்து வீட்டுக்காரரைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் ஓலைக்கொட்டகை ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாராம். நீதான் எதிரே வந்திருக்கிறாய். நோயாளியைப் படுக்கவைத்து, உப்புநீர் ஏற்றி, எல்லாம் மளமளவென்று செய்திருக்கிறாய். அந்த ஆள் பிழைத்துவிட்டார், இப்போது கஞ்சி குடிக்கிறாராம். பத்ரோசிடம், வெளியாள் வராமல் கட்டியிருக்கிற கயிற்றுக்கு அந்தப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னாய். அவர் நின்றார். "மோளே, ஞானா" என்றார், மகளே நான்தான் என்று. நீ அவரைப் பார்த்து, நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு, உங்கள் பெயர் என்ன என்று கேட்டாயாம்.

பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்ட மனிதரிடம், ரூபி. அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லவே தயங்கினார். அளவுகோலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "மோள் நல்லோணம் நோக்கும் மொதலாளி. பக்ஷே முகத்து நோக்குந்நில்ல. அன்னு நிங்ஙள் இருந்ந போலெ" என்றார். மகள் நன்றாகக் கவனிக்கிறாள், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை, அன்றைக்கு நீங்கள் இருந்தது போல. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயமாக இருக்கிறது, மகளே. வாந்திபேதிக்குப் பயப்படுகிறதைவிட இதற்கு அதிகமாகப் பயப்படுகிறேன். அதற்கு உன்னிடம் மருந்து இருக்கிறது. இது உனக்கு நோய் என்றே தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அம்மா அந்த வேலையே வேண்டாம், பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடட்டும் என்கிறாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நீ இல்லையென்றால் பத்ரோசின் பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்குக் கஞ்சி குடித்திருக்கமாட்டார். நான் கேட்பது அந்த ஒரு வார லீவைத்தான். நீ வந்துவிட்டால் அங்கே யார் பார்ப்பார்கள் என்றால், நீ லீவைக் கொடுத்தாயே, அந்தப் பெண் திரும்பி வந்து பார்ப்பாள். அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று உனக்குத் தெரிந்ததே, உனக்கும் அதே உடம்புதானே? இங்கே வந்து தூங்கு. பேச வேண்டாம் என்றால் பேசாதே. மீன்குழம்பைப் பார்த்தால் கொட்டகை நினைவு வருகிறதென்றால் அம்மா ரசம் வைப்பாள். முற்றத்தில் வெயில் அதே இடத்தில்தான் அடிக்கிறது. அழுகை வந்தால் கதவைச் சாத்தாதே, நாங்கள் இருக்கிற இடத்திலேயே அழு. வரும்வரை ஒன்று செய். கட்டிலின் பக்கத்தில் போகும்போது முதலில் முகத்தைப் பார்த்து, பெயரைக் கேள். நீ ஊசியை எடுக்கிற நேரத்துக்குள் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பொட்டலத்தில் இருப்பது உன் உடுப்புக்கு வெள்ளைத் துணி. இந்த இரண்டாவது சண்டையின் துணித் தட்டுப்பாட்டிலும் உனக்கென்று எடுத்துவைத்தது. கோடிதான். ஓரத்தைத் தொட்டுப் பார், கத்தரியால் வெட்டியிருக்கிறேன். கூடவே கொஞ்சம் சுக்கும் கருப்பட்டியும் அம்மா வைத்திருக்கிறாள்.

பத்ரோஸ் கயிற்றுக்கு அந்தப்பக்கம் நிற்பார். அவசரப்படுத்தமாட்டார். வேலையை முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் முகத்தைப் பார். எண்ணெய் வழிந்த நெற்றிக்கு மேலே இப்போது முடி நரைத்துவிட்டது, தாடையில் அந்தச் சவரக் காயம் மட்டும் சின்னத் தழும்பாக இன்னும் இருக்கிறது. மாமா என்று கூப்பிடு, அவருக்கு அது போதும். பதில் எழுத நேரமில்லை என்றால் எழுதவேண்டாம். அவர் புறப்படும்போது எப்போதும்போல வரட்டே என்பார். நீ வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. விடைபெறுகிறதுக்கும் வீட்டுக்கு வருகிறதுக்கும் நம் ஊரில் அந்த ஒரே வார்த்தைதான். நாளைக் காலையில் அவர் கடைப் படியேறும்போது, என்ன சொன்னாய் என்று நான் அவரிடம் கேட்கப்போவதில்லை. முகத்தைப் பார்ப்பேன்.

உன்னை எதிர்பார்த்திருக்கிற,
அப்பா